முப்பது குழியும் ஒரு குழியும்

கன்னியப்பன் காலையிலிருந்து கொடுவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் என்கிற அளவுக்குப் பளபளப்பு ஏறிய பிறகும் விடவில்லை. வேலைக்குப் போகாத ஆம்பளை கையில் கொடுவாள் இருந்தால் அக்கம்பக்கத்தில் நாலு பேர் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள், பார்த்தார்கள். வரலட்சுமி மட்டும் திரும்பவே இல்லை. ரசத்துக்கு நண்டை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். அந்த நண்டு செய்த பாவம் என்னவோ, தேவைக்கு மேலேயே இடி வாங்கியது.

"இன்னாம்மே, வாயத் தொறக்க மாட்டேங்கற?" என்றான் கடைசியில்.

"நண்டு இடிச்சிகினு கீறேன். வாயால இடிக்க முடியாது."

கொடுவாள் எதற்கென்று அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை அதிகாரிகள் காட்டைப் பார்க்க வருகிறார்கள். அன்றைக்குத் திங்கள்.

ஈச்சமேட்டுக் காடு என்றால் குமணன்சாவடியில் பாதிப் பேருக்குத் தெரியாது. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பி, பதினாலு மாடி அடுக்ககங்கள் இரண்டைத் தாண்டி, ஏரிக்கரையோடு போனால் நாற்பது ஏக்கர் முட்புதர் தெரியும். காரை, களா, ஈச்சை, வெப்பாலை, கீழே பின்னிக் கிடக்கும் கொடிகள். அரசாங்கக் கணக்கில் அது வனத்துறை நிலம். அதன் தென்கோடியில் தார்ப்பாயும் ஓலையும் போட்ட பதினோரு குடிசைகளில் இருளர் குடும்பங்கள் இருந்தன. காட்டில் வேலிகாத்தான் முள் பரவினால் வேரோடு பிடுங்குவது, கோடையில் யாராவது பீடியைப் போட்டுத் தீப்பிடித்தால் பச்சைத் தழையை ஒடித்து அடித்து அணைப்பது, இடித்த கட்டடத்தின் கல்லும் மண்ணும் கொட்ட வரும் லாரிகளின் முன்னால் போய் நிற்பது எல்லாம் இவர்கள்தான். செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. செய்ததற்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

இப்போது அடுக்ககத்துக்காரர்கள் அங்கே நடைபயிற்சிப் பூங்கா வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் மதில், ஒரு கேட், காலை ஆறிலிருந்து எட்டு வரை, மாலை நாலிலிருந்து ஆறு வரை. மதில் வந்துவிட்டால் பதினோரு குடும்பமும் வெளியே. அதற்கு முன்னால், இருபது வருஷமாக இந்தக் காட்டில் வேலை செய்கிறவர்கள் நாங்கள், வேர் எடுக்கவும் காட்டைக் காக்கவும் எங்களுக்கு உரிமை எழுதிக் கொடுங்கள் என்று கேட்கச் சட்டத்தில் வழி இருந்தது. கேட்டும் விட்டார்கள். மனுவை எழுதியவன் அஜித்குமார். இவர்கள் ஆள்தான், ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனி. முப்பது வயதுக்குள் முந்நூறு மனு எழுதியவன்.

பத்து மணிக்கு அவன் பைக்கில் வந்து இறங்கினான். வரும்போதே கொடுவாளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான்.

"அண்ணாத்தே, ரெடியா? அரை ஏக்கரு வெட்டிரு. நாலு மூலைக்கு நாலு கல்லு நடு. கம்பு தூவி வுடு."

"மூணு நாள்ல கம்பு மொளைக்குமா?" என்றாள் வரலட்சுமி உரலிலிருந்து கண்ணெடுக்காமல்.

"மொளைக்க வாணாம்க்கா. உழுதா மாரி தெரிஞ்சா போதும். நெலத்துல ஒங்க வேலையோட அடையாளம் இருக்கணும், அதான் கேப்பாங்க. ஒங்க காட்டுல இன்னா கீது? நா மூணு தபா சுத்தி வந்துட்டேன். ஒரு ஆளு நடந்த தடம்கூட இல்ல."

"நாங்க அப்படித்தான் வேல செய்வோம்."

"அது பெருமதான்க்கா. பெருமைய எங்கேர்ந்து போட்டோ புடிக்கிறது?"

கன்னியப்பன் எழுந்து நின்றான். "அவன் சொல்றது மெய்தானம்மே. பேப்பரு இல்லாங்காட்டி நாம யாரு? போன வருசம் அந்தப் புது பாரஸ்ட்டு கார்டு என்னை இன்னா கேட்டான்? திருடத்தான வந்தேன்னு கேட்டான். நெருப்ப அணைச்சிட்டு கை கொப்புளத்தோட நிக்கிறேன், என்னப் பாத்துக் கேட்டான். எனக்குப் பேப்பரு வோணும்."

தழும்பேறிய கையை விரித்துக் காட்டினான். அதைப் பார்த்து வரலட்சுமிக்கும் நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"வெட்ன கட்டைல பால் வடிஞ்சிகினு இருக்கும். நேத்து வெட்னதா, இருவது வருசம் முந்தி வெட்னதான்னு தெரியாதா? ஆபீசரு கண்ண மூடிகினா வருவாரு? காட்டக் காப்பாத்தறோம்னு எழுதிக் குடுத்துட்டு, காட்ட வெட்டிப் போட்டு வா வான்னு கூப்புடறியே, ஒனுக்கே நல்லா கீதா?"

அஜித்குமார் தலையைச் சொறிந்தான். அவன் கெட்டவனில்லை. வெறும் கையோடு திரும்பி வந்த மனுக்கள் நிறையப் பார்த்தவன்.

"சரி வுடு. நன்னாரி தோண்றீங்களே, அந்தக் குழிங்க கீதா?"

கன்னியப்பன் வரலட்சுமியைப் பார்த்தான். வரலட்சுமி உரலைப் பார்த்தாள்.

"மூடிடுவோம்" என்றான் அவன்.

"எல்லாத்தியுமா?"

"எல்லாத்தியும்."

நன்னாரி எடுப்பது வெண்டைக்காய் பறிப்பது போல இல்லை. குச்சி குச்சியாகத் தரையில் ஓடும் கொடியைக் கண்டுபிடித்து, அதன் அடியில் கடப்பாரையால் முழங்கை ஆழம் தோண்ட வேண்டும். நடுவில் தாய்வேர், அதிலிருந்து நாலா பக்கமும் பக்கவேர்கள். பக்கவேரில் பாதியைத்தான் அறுக்கலாம். தாய்வேரைத் தொடக் கூடாது. அறுத்ததும் எடுத்த மண்ணை அதே குழியில் தள்ளி, குதிகாலால் மிதித்து, மேலே சருகை இறைத்துவிட்டு வர வேண்டும். இரண்டு வருஷம் கழித்து அதே இடத்தில் அதே தாய் மறுபடி கொடுக்கும். குழியைத் திறந்து போட்டுவிட்டு வந்தால் வீட்டில் பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு பயமும் உண்டு. எது முதலில் வந்தது, பயமா வேலையா, யாருக்குத் தெரியும். பதினோரு குடும்பத்துக் குதிகாலுக்கும் அது பழகிவிட்டது.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க" என்றான் அஜித்குமார். "புதங்கிழமை எல்லாரும் எறங்கி ஒரு முப்பது குழி தோண்டுங்க. மூடாதீங்க. ஆபீசருங்க வந்தா, தோ, இதான் எங்க வேலைன்னு காட்டலாம். இது பொய்யில்லியே?"

இது பொய்யில்லை. வரலட்சுமி ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட நிமிஷத்திலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை ரேஷ்மா வந்தாள். அடுக்ககத்தில் எட்டாவது மாடி. மேற்படிப்புக்காக, காட்டோரத்து மக்கள் ஏன் காட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறாள். கையில் டேப்லெட், தலையில் தொப்பி. நல்ல பெண்தான், கொடுத்த நண்டு ரசத்தை வியர்க்க வியர்க்கக் குடித்தாள்.

"பதினோராவது கேள்விக்கா. இந்தக் காட்ட நீங்க ஏன் பாத்துக்கறீங்க? ஒண்ணு வருமானம், ரெண்டு விறகு, மூணு சாமி, நாலு சட்டத்துக்குப் பயம், அஞ்சு மத்தவை. எதுக்கா?"

"எல்லாத்துக்கும் போட்டுக்கோம்மா."

"ஒண்ணுதான்க்கா போட முடியும்."

வரலட்சுமி யோசித்தாள். வருமானம் என்றால், சித்தாள் வேலைக்குப் போனால் இதைவிடக் கூடக் கிடைக்கும். விறகு இப்போது யாருக்கு வேண்டும், அரசாங்கம் கேஸ் கொடுத்திருக்கிறது. சாமி எங்கேயும் இருக்கிறது. பயமா? பயந்தவர்கள் லாரிக்கு முன்னால் போய் நிற்பார்களா?

அவளுக்கு நினைவு வந்தது வேறு. ஆறு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை அவள் ஓர் அரிசி ஆலைக்குள் இருந்தாள். அப்பன் ஆத்தாளோடு, வெளியே போக முடியாமல். கன்னியப்பனும் அங்கேதான். அவித்த நெல் வண்டி ஏறி அவன் வலது காலில் சுண்டுவிரல் போனது அங்கேதான். விடிகாலை இரண்டரைக்கு விசில் ஊதுவார்கள். பதின்மூன்று வருஷம் அந்த விசில். அதிகாரிகள் வந்து மீட்டு, இந்த மேட்டில் கொண்டு வந்து விட்ட மறுநாள் அவள் காட்டுக்குள் போய்க் காரைப் புதரடியில் படுத்தாள். வெயில் முகத்தில் அடிக்கும் வரை தூங்கினாள். யாரும் எழுப்பவில்லை. அதைப் போல ஒரு தூக்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இதற்கு எந்த நம்பர் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "அப்பால சொல்றேம்மா" என்றாள். ரேஷ்மா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

புதன்கிழமை பதினோரு குடும்பமும் பனி காயும் முன்பே காட்டுக்குள் இறங்கியது. மாசி மாதத்து மண் மேலே இறுகி, உள்ளே ஈரமாக இருந்தது. கடப்பாரை இறங்கும் சத்தமும் பெண்களின் பேச்சும் மதியம் வரை ஓடின. களியும் கருவாட்டுக் குழம்பும் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காடு முழுக்க வேரின் வாசம். ஆனால் பேச்சு வழக்கம் போல இல்லை. சாப்பிடும்போது எல்லாருடைய கண்ணும் குழிகள் பக்கமே போனது.

"ஓட்ட வாயி மாரி கீதுபா" என்றார் சின்னசாமி. குடிசைகளிலேயே கடைசிக் குடிசை அவருடையது.

"ஒரு நாளுக்குத்தான மாமா" என்றான் கன்னியப்பன் கண்டிப்பாக. "யாரும் மூடக் கூடாது. சொல்ட்டேன். எவனாச்சும் கால வச்சீங்க, நா மனுசனா இருக்க மாட்டேன்."

எடுத்த வேரைக் கழுவிக் கட்டி வரலட்சுமி பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினாள். பஷீருதீன் பாயின் சர்பத் கடைக்கு இருபது வருஷமாக அவள்தான் நன்னாரி கொடுக்கிறாள். பாய் ஒரு வேரை ஒடித்து முகர்ந்தார். ஒரு டம்ளர் சர்பத் கலக்கி அவள் முன்னால் வைத்தார். அவள் நின்றுகொண்டே குடித்தாள்.

"இன்னாம்மா, ஊட்ல அடுப்ப அணைக்காத வந்த மாரி நிக்கிற? குந்து."

"இல்ல பாய். போவணும்."

"கொளந்த மோகனப்பிரியா சௌக்கியம்தான? காலேஜி போவுதா?"

அவ்வளவுதான் கேட்டார். பிள்ளை பேரைக் கேட்டதும் வரலட்சுமிக்குத் திறந்து கிடக்கும் குழிகள் நினைவுக்கு வந்தன. செங்கல்பட்டில் விடுதியில் இருக்கும் பெண்ணுக்குப் போன் போட்டாள். அவள் எடுக்கவில்லை, வகுப்பில் இருப்பாள், வேறென்ன. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் உட்காராமல் வந்தாள். இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. பொழுது சாயும் நேரம். காட்டுக்குள் போய், தான் தோண்டிய மூன்று குழிகளை மட்டும், மூன்றே மூன்றை, காலால் தள்ளி மிதித்துச் சருகு போட்டாள். இருபத்தேழு இருக்கிறதே, போதாதா என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். அதன் பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு ஜீப் வந்தது. வனவர் சுப்பராயன், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும் ஆள். கூடவே வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ. அம்மா, சின்ன வயது, கையில் கோப்பு. அஜித்குமார் இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் நடந்தான்.

"வாங்க மேடம். முப்பது குழிங்க. நீங்களே எண்ணிப் பாக்கலாம்."

காட்டுக்குள் போனார்கள். குழி இல்லை.

ஒரு குழியும் இல்லை. சருகு, கொடி, வெயில். ஓணான் ஒன்று தலையாட்டிவிட்டுப் போனது. அஜித்குமார் இடம் தவறிவிட்டது என்று நினைத்து இடப்பக்கம் ஓடினான், வலப்பக்கம் ஓடினான். திரும்பி வந்தபோது அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அண்ணாத்தே. குழி எங்க?"

சின்னசாமி முன்னால் வந்தார். "நா என்னுது மூணுதான் மூடினேன்" என்றார். "நா ரெண்டு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நா எங்களுது மட்டும்தான்." இப்படி ஒவ்வொருவராக. வரலட்சுமியும் தலையைக் குனிந்துகொண்டு மூன்று விரலைக் காட்டினாள். எல்லாரும் மற்றவர்களுடையது இருக்கட்டும் என்று விட்டுவிட்டுத் தங்களுடையதை மட்டும் மூடியிருக்கிறார்கள். கணக்கில் மூன்று இடித்தது. கன்னியப்பனுடையது.

அவன் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வரலட்சுமி காலடியில் சருகை விலக்கித் தேடினாள். மிதித்த மண்ணில் ஒரு பாதம் தெளிவாக விழுந்திருந்தது, வலது கால், சுண்டுவிரல் இல்லாமல். நேற்று அத்தனை பேரையும் மிரட்டினவன். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஏன்யா?" என்றாள் மெதுவாக.

"தூக்கம் வரலம்மே."

ஆர்.ஐ. அம்மா கோப்பை மூடினார். "இங்க பாருங்க, எனக்கு உங்க மேல கோபம் இல்ல. ஆனா எழுதறதுக்கு ஏதாவது வேணும். நான் பாக்கறது வெறும் புதர். நீங்க இருக்கறதுக்கு ஒரு அடையாளமும் இல்லன்னுதான் எழுத முடியும்."

கன்னியப்பனின் தோள் இறங்கியது. இருபது வருஷம் காத்திருந்த காகிதம் ஒரு ராத்திரியில், அவன் குதிகாலுக்கடியிலேயே போனது. வரலட்சுமி அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மேடம், நீங்களே கைகாட்டுங்க. எந்தக் கொடி வேணா. நேத்துத் தோண்டாத எடமா காட்டுங்க."

ஆர்.ஐ. அம்மா ஈச்சம்புதர் ஓரம் ஒரு கொடியைக் காட்டினார். வரலட்சுமி குந்தினாள். கடப்பாரை நாலு போடு, அப்புறம் கைதான். மண்ணை விரலால் வாரி வாரிக் குழந்தைக்கு மூக்கு சிந்தி விடுவது போல வேரைத் துடைத்தாள். தாய்வேர் வெளியே வந்தது. கட்டைவிரல் தடிமன், கறுத்து, முடிச்சு முடிச்சாக.

"பாருங்க. இது அறுத்த வாயி. ஆறிப்போயி காச்சுக் கீது. அதுக்குக் கீழ ஒண்ணு, இது அதுக்கும் முந்தி அறுத்தது. தோ, இது ஒண்ணு. ரெண்டு வருசத்துக்கு ஒரு தபாதான் அறுப்போம்."

வனவர் சுப்பராயன் மண்டி போட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் தடவி எண்ணினார். ஒன்பது. எல்லா வெட்டும் ஒரே சாய்வு, ஒரே கை. எழுந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"பதினெட்டு வருஷம். இந்தக் காட்டுல முப்பது வருஷமா ரோந்து வரேன் மேடம். எனக்கு இது தெரியாது."

ஆர்.ஐ. அம்மா படம் எடுத்தார். எழுதினார். அப்புறம் தயங்கிச் சொன்னார்: "போட்டோவுல வேர் சரியா தெரியல. தாசில்தார் கண்ணால பாத்தாதான் ஒத்துக்குவார். திங்கக்கிழமை கூட்டிட்டு வரேன். இன்னைக்கு நான் காட்டின குழின்னு நம்பர் போட்டு எழுதியிருக்கேன். அதுவரைக்கும் மூடாதீங்க. மூடிட்டுத் திரும்பத் தோண்டினா இது அந்த வேரே இல்லன்னு சொல்லிடுவாங்க."

ஜீப் போனது. எல்லாரும் அந்தக் குழியைச் சுற்றி நின்றார்கள். மாசி வெயிலில் திறந்து கிடந்தால் தாய்வேர் இரண்டு நாளில் சுருங்கிவிடும். பன்றி வந்தால் ஒரே நாள்.

"மூடிடலாமா?" என்றான் கன்னியப்பன். காகிதம் காகிதம் என்று கொடுவாள் தீட்டியவன் கேட்டான்.

"வாணாம். நா பாத்துக்கறேன்."

கோணியை நனைத்து வேர் மேல் போர்த்தினாள். நாலு குச்சி நட்டுப் பழைய புடவையைப் பந்தலாகக் கட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தாள். கன்னியப்பன் ஏரியிலிருந்து குடம் சுமந்தான், சோறு கொண்டு வந்தான், இருட்டியதும் முள்ளை வெட்டிச் சுற்றிலும் அடைத்து அவனும் அங்கேயே படுத்தான். சும்மா உட்காரப் பழகாத உடம்பு அவளுக்கு. எழுந்து நாலு அடி நடப்பாள், திரும்பி வந்து கோணியைத் தூக்கிப் பார்ப்பாள்.

ஞாயிறு மாலை ரேஷ்மா தேடிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, என்ன இங்க உக்காந்திருக்கீங்க? நாலு நாளாவா?"

விஷயத்தைக் கேட்டவள் குனிந்து கோணியைப் பார்த்தாள். "வேற யாராவது மாத்தி உக்காரக் கூடாதா?"

"தொறந்தது நானும்மா. மூடற வரைக்கும் நான்தான் இருக்கணும்."

அதைச் சொன்ன பிறகு வரலட்சுமிக்கே அது புதிதாகப் பட்டது. ரேஷ்மா டேப்லெட்டை வெளியே எடுத்தாள். "அந்தப் பதினோராவது கேள்விக்கு இத எழுதிக்கட்டாக்கா?"

"அதுக்கு நம்பரு கீதா?"

"இல்ல. மத்தவைல போடறேன்."

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தாசில்தார் வந்தார். கோணியைத் தூக்கிப் பார்த்தார். வேர் ஈரமாக, உயிரோடு இருந்தது. விரலை வைத்து எண்ணினார், ஆர்.ஐ. அம்மா எழுதியதைப் படித்தார், கையெழுத்துப் போட்டார். "நான் பரிந்துரை பண்ணிட்டேன். மாவட்டக் கமிட்டி முடிவு பண்ணும். லேட்டாகும்" என்றார். மொத்தம் ஐந்து நிமிஷம். அஜித்குமார் கையெழுத்தை மூன்று கோணத்தில் படம் பிடித்துக்கொண்டான்.

ஜீப் ஏரிக்கரையில் திரும்பும் முன்பே வரலட்சுமி கோணியை உருவிவிட்டு மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள். கன்னியப்பன் எதிர்ப் பக்கத்திலிருந்து தள்ளினான். அவள் குதிகாலும் அவன் நாலு விரல் காலும் மாறி மாறி மிதித்தன. சருகை அள்ளி இறைத்தார்கள். அவன் ஒரு குச்சியைத் தேடி எடுத்து நடுவில் ஊன்றினான்.

"எதுக்கு?"

"மறுபடி எவனாச்சும் வந்து எந்தக் குழின்னு கேட்டா? கமிட்டின்றாரே."

அவள் கண்ணில் நாலு நாள் தூக்கம் நின்றது. குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான். நூறடி வந்திருப்பார்கள், பின்னால் சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தாள். கன்னியப்பன் ஓட்டமும் நடையுமாகப் போய் அந்தக் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஊன்றிய சின்ன ஓட்டையைக் குதிகாலால் மிதித்துக்கொண்டிருந்தான்.